ஆடி முடித்தவர் எழுத உட்கார்ந்தால்: ஆட்டக்காரர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எங்கள் பக்கம் கபடி ஆடாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கும் போலீசுக்கும் போனவர்கள், சம்பளத்துக்கு வெளி அணிகளில் ஆடியவர்கள், தை மாத ராத்திரிப் போட்டிகளிலேயே பேர் வாங்கியவர்கள் எல்லாரும் இங்கே உண்டு. அவர்களில் சிலருக்கு ஐம்பதைத் தொடும் முன்பே புற்றுநோயோ நரம்பு நோயோ வந்து, இனி குணமாகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, எழுத வேண்டும் என்ற ஆசை வருகிறது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பதை நான் ஒரு வேலையாகவே செய்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் இவை. கபடியை வைத்தே பேசுகிறேன். வாலிபால், ஓட்டம், கால்பந்து ஆடியவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

அண்ணனுக்குப் பேனா பிடித்தே பழக்கமில்லை. அவரால் எழுத முடியுமா?

பேசுவார் அல்லவா, போதும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தைப் பாயின்ட் பாயின்டாகச் சொல்லத் தெரிந்தவருக்குச் சரக்குப் பஞ்சம் கிடையாது. செல்போனில் பதிவுசெய்து, அப்புறம் யாராவது எழுத்தில் இறக்கினால் ஆயிற்று.

இன்னொருவர் துணையோடு எழுதுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. 1975-ல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷ், ஏற்கெனவே சொந்தமாகப் புத்தகங்கள் எழுதியவர். ஆனாலும் எய்ட்ஸ் நோயோடு கடைசி நினைவுக்குறிப்பை எழுதியபோது அர்னால்டு ராம்பர்சாத் என்ற பேராசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் ரக்பி லீக் ஆட்டக்காரர் ராப் பர்ரோ ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளரோடு சேர்ந்துதான் தன் கதையை எழுதினார். உலகமே அதை அவர்களுடைய எழுத்து என்றுதான் சொல்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? பிறந்த ஊரா, முதல் கோப்பையா, நோய் தெரிந்த நாளா?

மூன்றுமே வேண்டாம் என்பது என் கட்சி.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் சொல்ல ஆரம்பிக்கும்போது கோப்பைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். இந்த வருஷம் மாவட்டம், அந்த வருஷம் மாநிலம், அண்டா பரிசு, குத்துவிளக்கு பரிசு. அந்தப் பட்டியலை வீட்டுச் சுவரைப் பார்த்தே எழுதிவிடலாம், அதற்கு அவர் தேவையில்லை. அவர் இருந்தால்தான் எழுத முடியும் என்பது எது? அவர் உடம்புக்குத் தெரிந்தது. இடது ஓரத்தில், லெஃப்ட் கார்னரில் நின்று பிடிப்பவர், எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடரின் முகத்தைப் பார்ப்பாரா, இடுப்பைப் பார்ப்பாரா, குதிகாலைப் பார்ப்பாரா? கணுக்காலைப் பிடிக்கக் குனிவதற்கு முன்னால் எந்தக் காலில் பாரத்தை வைத்துக்கொள்கிறார்? கவர் என்ற பக்கத்து இடத்தில் நிற்பவன் தன்னோடு சேர்ந்து பாய்வான் என்பது பேசாமலே எப்படித் தெரிகிறது? இதை எந்த ஸ்கோர்ஷீட்டும் சொல்லாது.

ஒருவர் முதல் நாள் என்னிடம், "மாநிலப் போட்டியில் சிறப்பாக ஆடி வெற்றி பெற்றோம்" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த ஆட்டத்தில் தரை எப்படி இருந்தது என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அறுப்பு முடிந்த வயலைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிப் போட்ட களம். மேற்கு மூலை மட்டும் காயாமல் இருந்தது. எதிரணி ரைடர் அந்த மூலையில் கால் வைத்தால் திரும்பும்போது அரை நொடி தாமதிப்பான். அதைப் பார்த்துக்கொண்டே முதல் பாதி முழுக்க அவனை அந்தப் பக்கமாகவே ஒதுக்கியிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கு அந்த மூலையைப் பற்றியே சொன்னார். புத்தகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகி, நடுவில் ஷூ போட்டு, மேட் என்ற விரிப்பில் ஆட மாறிய தலைமுறை இது. அந்த மாற்றத்தில் காலுக்கு என்ன ஆனது, பிடி எப்படி மாறியது என்று தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டு வருகிறார்கள். 2014-ல் புரோ கபடி லீக் வந்த பிறகு ஆட ஆரம்பித்த பையன்களுக்கு இது தெரியாது. மூச்சை விடாமல் பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போகும்போது பெரியவர்கள் சொன்ன பழைய சடுகுடுப் பாட்டுகளும் அப்படித்தான். நினைவிருக்கிற வரிகளை முதல் வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

தோல்விகளையும் விடாதீர்கள். நியூசிலாந்தின் மார்ட்டின் குரோவ் 77 டெஸ்டில் 17 சதம் அடித்தவர். ஆனால் 1991-ல் இலங்கைக்கு எதிராக வெலிங்டனில் 299-ல் அவுட்டானது பல வருஷம் அவரை அரித்தது. கிரிக்கெட் தெரிந்தவர்கள் அவர் பேரைச் சொன்னால் முதலில் கேட்பதும் அந்த ஒரு ரன்னைத்தான்.

அப்படியானால் நோயைப் பற்றி எழுதவே வேண்டாமா?

எழுதலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம். முடிவு அவருடையது. குரோவுக்கு 2012-ல் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது, சற்றே தணிந்து 2014-ல் இன்னும் கடுமையாகத் திரும்பியது. அந்தக் காலத்தில் அவர் எழுதிய பத்திகளைப் பாருங்கள். மட்டையாளர் தலையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், களத்தில் வாய்ச்சண்டை போடுபவர்களுக்கு மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை கொடுத்தால் என்ன என்று சண்டைக்கு நிற்கிறார். நடுநடுவே நோய் வருகிறது. 2015 உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு முன்னால், இனி அதிக ஆட்டங்கள் பார்க்கக் கிடைக்காது என்ற பொருள்பட எழுதினார். 2016 மார்ச்சில், 53 வயதில் இறந்தார். ஆட்டத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியிருந்ததால்தான் அந்த ஒரு வரிக்கு அவ்வளவு கனம்.

இதற்கு நேர் எதிராக நோயை நடுவில் வைத்து எழுதியவர் கிறிஸ் ஹாய், ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வாங்கிய சைக்கிள் வீரர். புராஸ்டேட் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் தெரிந்து, டாக்டர்கள் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு என்று சொன்னதை 2024 அக்டோபரில் வெளியே சொன்னார், அடுத்த மாதமே புத்தகம் வந்தது. அவருக்கு ஒரு காரணம் இருந்தது: குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் வந்திருந்தால் ஆண்கள் சீக்கிரமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஊருக்குச் சொல்ல நினைத்தார். நம் பக்கத்தில் ஒரு ஆட்டக்காரர் தன் வாய்ப்புற்றுநோயையும் ஹான்ஸ் புகையிலைப் பாக்கெட்டையும் பற்றி எழுத விரும்பினால் அதுவும் அந்த வகைதான், பலன் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "மூச்சடக்கிப் பாடியவர் இன்று மூச்சுக்குப் போராடுகிறார்" என்று யாராவது முன்னுரை எழுதிக்கொண்டு வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

யுவராஜ் சிங்கும் நோயைப் பற்றிப் புத்தகம் எழுதினாரே, அந்த மாதிரியா?

இல்லை. அவருக்கு வந்தது குணமாகக்கூடிய புற்றுநோய். 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் திரும்பி வந்து ஆடினார். ஜெயித்து வந்தவர் எழுதும் புத்தகம் அது. தீராது என்று தெரிந்தவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து "இவரைப் பாருங்கள், எழுந்து வந்துவிட்டார்" என்று சொல்வது சிலருக்குக் குத்தலாகப் படும்.

அப்பாவுக்கு என்ன நோய் என்றே இன்னும் சொல்லவில்லை. அவரை எழுதச் சொல்லலாமா?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். நம் வீடுகளில் டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும், மகன் அம்மாவிடம் பாதி சொல்வதும், அப்பாவிடம் "அல்சர்தான், சரியாயிடும்" என்பதும் வழக்கமாகிவிட்டது. பாசத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இருபது முப்பது வருஷம் உடம்பை வைத்துப் பிழைத்தவர் அவர். தொடை எவ்வளவு இளைத்திருக்கிறது, மூட்டு எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று உங்களைவிட அவருக்கு முன்பே தெரியும். பல வீடுகளில் அவரும் தெரியாத மாதிரி இருக்கிறார், நீங்களும் சொல்லாத மாதிரி இருக்கிறீர்கள்.

எழுதச் சொல்லுங்கள், ஆனால் விஷயத்தை உடைப்பதற்கான தந்திரமாக அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரே ஒரு நாள் "எனக்கு எவ்வளவு நாள்டா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பதில் உங்களுக்கு வராவிட்டால், "டாக்டரிடம் சேர்ந்து கேட்போம்பா" என்று சொல்லி மறுநாளே கூட்டிக்கொண்டு போங்கள்.

யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது நோயாளியின் உரிமை. ஆர்தர் ஆஷுக்கு 1988-ல் தெரிந்தது, நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தார். 1992 ஏப்ரலில் ஒரு நாளிதழ் செய்தி வெளியிடப்போகிறது என்று தெரிந்து, வேறு வழியில்லாமல் அவரே பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். அந்தக் கட்டாயம் அவருக்குக் கோபத்தை உண்டாக்கியது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் "அண்ணன் நலம்பெற வேண்டுவோம்" என்று போட்டோ போடுபவர்கள் முதலில் அண்ணனிடம் கேட்கட்டும்.

வலி மாத்திரை சாப்பிட்டால் மூளை மந்தமாகிவிடுமா? அதனால் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு எழுதலாமா?

குறைக்கவே வேண்டாம். வலியோடு இருப்பவரால் ஒரு வாக்கியம்கூடக் கோர்வையாகச் சொல்ல முடியாது. மார்ஃபின் ஆரம்பித்த முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு அது பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் விடாமல் தொல்லை தரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் அடிமையாகிவிடுவார் என்ற பயத்தை விடலாம். 2014-ல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்திய பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைப்பது முன்பைவிட எளிது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எழுதும் நேரத்தை மருந்து நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மருந்து வேலைசெய்ய ஆரம்பித்து, வலி அடங்கி, தூக்கம் வருவதற்கு முன் ஒரு இடைவெளி இருக்கும். அந்த அரை மணி போதும். கரன்ட் இல்லாத நேரம், விருந்தாளி வரும் நேரம் இரண்டையும் தவிர்க்கவும். இரண்டாவதுதான் கஷ்டம்.

நரம்பு நோய். பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. என்ன செய்யலாம்?

இன்றைக்கே குரலைப் பதிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

இயக்க நரம்பணு நோயில் கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகப் பலவீனமாகின்றன. பலருக்கு யோசனையும் நினைவும் கடைசிவரை நன்றாகவே இருக்கும், சிலருக்கு மாறுவதும் உண்டு. முன்னே சொன்ன ராப் பர்ரோவுக்கு 2019 டிசம்பரில் இது தெரிந்தது. பேச்சு போன பிறகு கண்ணசைவால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியை வைத்துப் பேசினார், அதிலிருந்து வந்தது அவருடைய சொந்தக் குரலின் சாயல். பழைய பதிவுகள் இருந்ததால் அது முடிந்தது. 2024 ஜூனில், 41 வயதில் இறந்தார். அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஸ்டீவ் கிளீசன் 2011-ல் நோய் தெரிந்ததும் பிறக்கப்போகும் மகனுக்காக வீடியோ பேச ஆரம்பித்தார். பின்னால் கண்ணாலேயே தட்டச்சு செய்து 2024-ல் புத்தகம் கொண்டுவந்தார்.

அந்தக் கருவிக்கு நம்மிடம் காசில்லை என்றால் அட்டை போதும். தமிழில் 247 எழுத்து இருந்தாலும், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்தைப் பெரிதாக எழுதினால் வேலை முடிந்தது. மெய்யைக் காட்டி உயிரைக் காட்டினால் உயிர்மெய். ஐந்து வரிசையாகப் பிரித்து, துணைக்கு இருப்பவர் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். சரியான வரிசையில் அவர் கண்ணைச் சிமிட்டுவார், அப்புறம் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாகப் போங்கள். முதல் வாரம் இருவருக்கும் எரிச்சல் வரும். பேத்திகள்தான் இதில் சீக்கிரம் தேர்ந்துவிடுகிறார்கள். "தண்ணி", "திருப்பிப் படுக்க வை", "ஃபேன்" போன்றவற்றைத் தனிக் கட்டமாக ஓரத்தில் எழுதிவிட்டால் எழுத்தைப் புத்தகத்துக்கு மிச்சம் பிடிக்கலாம்.

எழுதினால் ஆயுள் கூடுமா? நோய் தணியுமா?

இல்லை. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். கனடாவைச் சேர்ந்த ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவுசெய்து, திருத்தி, படித்துக்காட்டி, குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். 2005-ல் வந்த முதல் ஆய்வில் 100 பேரில் 91 பேர் திருப்தி என்றார்கள். 2011-ல் இன்னும் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மனவேதனை அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும், தங்களுக்கும் குடும்பத்துக்கும் உதவியது என்று நோயாளிகள் சொன்னார்கள். அவ்வளவுதான் கணக்கு. நான் கண்டதும் ஏறக்குறைய அதுதான்.

கஜா புயலில் சான்றிதழ், போட்டோ எல்லாம் போய்விட்டன. தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். கூடவே ஆடியவர்கள் இரண்டு மூன்று பேரை ஒரே நாளில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், சண்டையில் சரியான வருஷம் வெளியே வரும். சண்டையையும் பதிவு செய்யுங்கள், நல்ல அத்தியாயம் அது. பெரிய போட்டிகளுக்கு, அந்தந்த மாதத்து நாளிதழ்களைச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் தேடலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் "அந்த வருஷம் மேட்டூர் ஆகஸ்டில்தான் திறந்தார்கள், குறுவை போயிற்று" என்று அவர் சொல்வதையே எழுதுங்கள். ஜூன் 12-ல் அணை திறக்காத வருஷத்தை வைத்து ஊரே நாள் கணக்கு வைத்திருக்கிறது.

ஊர்ப் பேச்சில் எழுதுவதா, புத்தகத் தமிழிலா?

அவர் பேசியது அவர் பேசியபடி, இடையில் நாம் எழுதுவது எழுத்துத் தமிழில். "பாடிப் போனான்", "கோட்டைத் தொட்டான்" போன்றவற்றை "எதிரணியின் எல்லைக்குள் நுழைந்தான்" என்று மாற்றும் வாத்தியார் யாராவது இருந்தால் அவரை மெய்ப்புப் பார்க்க மட்டும் வையுங்கள்.

தேர்வில் நடந்த அநியாயத்தைப் பேர் சொல்லி எழுதலாமா?

கடைசி நேரத்தில் பேர் வெட்டப்பட்ட கதை எல்லா ஆட்டக்காரரிடமும் ஒன்று இருக்கிறது. பதிவில் முழுதாகச் சொல்லட்டும், மனசு காலியாகும். அச்சில் வரும்போது நிரூபிக்க முடிந்ததை மட்டும் வையுங்கள். வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலையப்போவது அவர் மனைவியும் மகனும்.

புத்தகத்தின் உரிமை யாருக்கு? காசு வருமா?

எழுத்துப் படைப்புக்கு ஆசிரியரின் ஆயுள் முழுக்கவும், இறந்த பின் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றால் அட்டையில் யார் பேர், உரிமை யாருக்கு என்று ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும். அடுத்த உரிமையாளர் யார் என்று உயிலிலும் ஒரு வரி சேர்க்கலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு செய்வது கட்டாயமில்லை.

காசு பெரிதாக வராது. இருநூறு முன்னூறு பிரதி டிஜிட்டலில் அச்சடித்து, ஊர்ப் போட்டி நடக்கும் ராத்திரியில் மைக்கில் சொல்லி விற்றால் அச்சுக் கூலி வரலாம். பணம் கட்டச் சொல்லி, விருது வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிகிச்சைச் செலவுக்குப் புத்தகத்தை நம்ப வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தேசிய, சர்வதேச அளவில் ஆடியவர் என்றால், நலிந்த விளையாட்டு வீரர்களுக்காக 1982-ல் மத்திய அரசு ஏற்படுத்திய நலநிதியும், மாநில அரசின் ஓய்வூதியத் திட்டமும் இருக்கின்றன. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

முடிக்காமலே போய்விட்டால் மீதியை நாங்கள் எழுதலாமா?

அவர் குரலில் எழுதாதீர்கள். எங்கே நின்றதோ அங்கே நிறுத்தி, "இதுவரை சொன்னார்" என்று தேதி போடுங்கள். அதற்கப்புறம் மகளோ கூட்டாளியோ தங்கள் பேரில் எழுதட்டும். ஆஷ் 1993 பிப்ரவரியில் இறந்தார், புத்தகம் சில மாதம் கழித்துத்தான் வெளிவந்தது. மகளுக்கு எழுதிய கடிதத்தோடு அது முடியும். அந்தக் கடிதத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியிருந்தார். நீங்களும் பிள்ளைகளுக்கான கடிதத்தைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைக்காமல், தெம்பாக இருக்கும் ஒரு நாளில் வாங்கிவிடுங்கள்.

கையெழுத்துப் பிரதியை லேமினேட் செய்து வைக்கலாமா?

வேண்டாம். சான்றிதழ்களை அப்படிச் செய்து மஞ்சளடித்துப்போனதை நிறையப் பார்த்தாயிற்று. பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, குரல் பதிவுகளோடு சேர்த்து வெளியூரில் இருக்கும் ஒருவர் வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். காகிதத்தைத் தரையோரப் பெட்டியில் வைக்காமல் பரண்மேல் வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் தண்ணீர் எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது.